இஸ்ரேல்–பாலஸ்தீனம்: தள்ளிப்போடப்பட்ட கேள்விகளின் வரலாறு

யூதருக்கும் அரபுக்களுக்கும் இடையிலான பகை ஈராயிரம் ஆண்டுப் பழமையானது, அதனால்தான் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் அமைதி நிலைப்பதில்லை என்று பலரும் சொல்கிறார்களே, அது சரியா என்பது கேள்வி. சரியல்ல. இந்த மோதலுக்கு வயது ஏறத்தாழ நூற்று நாற்பது. ஒரே நிலத்தைத் தமது தாயகமாகக் கருதும் இரண்டு மக்கள் திரள்களுள் யார் அங்கே ஆள்வது, யார் அங்கே வாழ்வது, யாருடைய காணி யாருக்கு என்பதே இதன் உட்பொருள். ஜெருசலேமின் புனிதத் தலங்கள் அந்தச் சண்டைக்கு உணர்ச்சி வேகத்தைக் கூட்டின என்பது உண்மை. ஆனால் அவை அதைத் தொடங்கி வைக்கவில்லை. ஒப்பந்தங்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் விடை வேறு: ஒவ்வொரு கட்டத்திலும் கடினமான கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்ட காலத்தில் நிலைமை அப்படியே நிற்காமல், பெரும்பாலும் வலுவுள்ளவருக்குச் சாதகமாக மாறிக்கொண்டே இருந்தது.

நான்கு நூற்றாண்டுகள் ஒட்டோமான் பேரரசின் கீழிருந்த அந்த நிலத்தில் 1880 வாக்கில் நான்கைந்து இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அரபு மொழி பேசிய முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியாஸ் ஆகிய நான்கு நகரங்களை மையமாகக் கொண்டு வாழ்ந்த யூதர்கள் இருபத்தைந்தாயிரம் அளவே. அதே காலத்தில் ஐரோப்பாவில் யூதர்களின் நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து யூதர்களைக் குறிவைத்துக் கலவரங்கள் வெடித்தன. சட்டத்தின் முன் யூதர்கள் சமம் என்று அறிவித்திருந்த பிரான்சிலேயே 1894இல் யூத இராணுவ அதிகாரி திரைஃபஸ் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டார். யூதர்கள் எங்கேயும் சிறுபான்மையினராக இருக்கும்வரை பாதுகாப்பு இல்லை, தமக்கென ஒரு நாடு வேண்டும் என்னும் சியோனிசக் கருத்து இந்தச் சூழலில் பிறந்தது. 1897இல் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் கூட்டிய முதல் சியோனிச மாநாடு அதற்கு அமைப்பு வடிவம் கொடுத்தது.

மோதல் வரும் என்பதை அப்போதே கண்டவர்கள் இருந்தார்கள். ஜெருசலேமின் மேயராகவும் ஒட்டோமான் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த யூசுஃப் ஸியா அல் காலிதி, 1899இல் பிரான்சின் தலைமை ரபி வழியாக ஹெர்ஸலுக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களுக்கு அந்த நிலத்தோடுள்ள வரலாற்று உறவை அவர் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று எச்சரித்து, பாலஸ்தீனத்தை அதன் பாட்டில் விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். யூதர் வருகையால் அந்நாட்டு மக்களின் செல்வமும் நில மதிப்பும் உயரும் என்று ஹெர்ஸல் பதில் எழுதினார். கேட்டது அரசியல் உரிமை பற்றி. விடை வந்தது பொருளாதார நன்மை பற்றி. இதே பொருத்தமின்மை பிற்காலத்தில் எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளில் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது.

நிலம் கைமாறிய விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் கசப்பு முதலில் வேர்விட்டது அங்கேதான். 1858இல் ஒட்டோமான் அரசு கொண்டுவந்த நிலச் சட்டம், நிலத்தைத் தனியார் பெயரில் பதிவு செய்யச் சொன்னது. வரிக்கும் படையில் ஆள்சேர்ப்புக்கும் அஞ்சிய உழவர்கள் பலர் தமது பெயரில் பதிவு செய்யாமல் விட்டார்கள். நகரத்துப் பெருங்குடும்பங்களும் வணிகர்களும் தமது பெயரில் எழுதிக்கொண்டார்கள். பெய்ரூட்டின் சுர்சொக் குடும்பம் இப்படி மர்ஜ் இப்ன் ஆமிர் என்னும் வளமான சமவெளியில் பெரும்பரப்புக்கு உரிமையாளராகி, 1920களின் முற்பகுதியில் அதைச் சியோனிச நிலக் கொள்முதல் அமைப்புகளுக்கு விற்றது. பழைய வழக்கப்படி உரிமையாளர் மாறினாலும் குத்தகை உழவர் அங்கேயே உழுதுகொண்டிருப்பார். புதிதாக வாங்கியவர்களோ யூதத் தொழிலாளரின் உழைப்பால் ஒரு புதிய சமுதாயத்தைக் கட்ட விரும்பியவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆளில்லாத நிலம். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது, விற்றவரும் அரபுதான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக உழுத காணியை விட்டு வெளியேறியவருக்கு அந்தப் பத்திரத்தால் என்ன ஆறுதல் இருந்திருக்க முடியும்? இத்தனைக்கும் 1947 வரை யூதர்கள் விலைகொடுத்து வாங்கியிருந்த நிலம் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான்.

இதற்கிடையில் பிரிட்டன் உள்ளே வந்தது. முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தால் அரபு விடுதலையை ஆதரிப்பதாக மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு 1915இல் வாக்களித்தது. 1916இல் பிரான்சோடு இரகசியமாக அந்தப் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டது. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர் எழுதிய சிறு கடிதத்தில், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாக அறிவித்தது. அங்கே பத்தில் ஒன்பது பங்காக இருந்த அரபுக்களைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடாத அந்தக் கடிதம், யூதரல்லாத சமூகங்களின் குடியியல், மத உரிமைகளுக்குப் பங்கம் வரக்கூடாது என்றது. அரசியல் உரிமை பற்றி அதில் ஒன்றுமில்லை. 1922இல் ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கம் பிரிட்டனுக்கு வழங்கிய பொறுப்பாட்சி ஆவணத்துக்குள் இதுவே சேர்க்கப்பட்டது. இரு தரப்புக்கும் கொடுத்த வாக்குறுதிகள் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வியை இலண்டன் எடுத்து ஓரமாக வைத்தது. தள்ளிப்போடும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இரு சமூகங்களும் சமமான வேகத்தில் வளரவில்லை. யூதத் தரப்பு தொழிற்சங்கம், தற்காப்புப் படை, பல்கலைக்கழகம், கிட்டத்தட்ட ஓர் அரசாங்கமாகவே இயங்கிய யூத முகமை என்று அடுக்கடுக்காக நிறுவனங்களைக் கட்டியது. அரபுத் தரப்போ ஹுசைனி, நஷாஷிபி போன்ற செல்வாக்குள்ள குடும்பங்களின் போட்டியில் பிளவுபட்டுக் கிடந்தது. பிரிட்டன் முன்வைத்த சட்டமன்றத்தில் பங்கேற்றால் பால்ஃபர் அறிவிப்பை ஏற்றதாகிவிடும் என்று அஞ்சி அதையும் புறக்கணித்தது. 1929இல் ஜெருசலேமின் மேற்குச் சுவர் பற்றிய தகராறு நாடு முழுதும் பரவியபோது, ஹெப்ரானில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்; அதே நகரத்தில் அரபு அண்டைவீட்டார் தமது வீடுகளில் ஒளித்துவைத்ததால் பலர் உயிர் பிழைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு குடியேற்றம் பெருகி, 1935இல் ஒரே ஆண்டில் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1936இல் தொடங்கிய அரபுக் கிளர்ச்சியைப் பிரிட்டன் மூன்றாண்டுகளில் மிகக் கடுமையாக ஒடுக்கியது. தலைவர்கள் கொல்லப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1948இல் பாலஸ்தீன அரபுக்கள் அத்தனை விரைவில் சிதறுண்டதற்கான காரணங்களுள் பெரியதாக நான் கருதுவது இதைத்தான்.

கிளர்ச்சியின் சூட்டில் பிரிட்டன் 1939இல் தன் கொள்கையை மாற்றி, அடுத்த ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மட்டுமே அனுமதி என்றது. இதைவிடக் கொடிய தருணத்தை வரலாறு தேர்ந்தெடுத்திருக்க முடியாது. 1938இல் எவியான் மாநாட்டில் கூடிய நாடுகள் அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டன. 60 இலட்சம் யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். தமக்கென்று ஓர் அரசும் படையும் இல்லாவிட்டால் உலகம் கைவிட்டுவிடும் என்ற இஸ்ரேலியரின் எண்ணத்தை வெறும் பிரசாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த மோதலின் ஒரு பாதி விளங்காது. ஐரோப்பா செய்த குற்றத்துக்கு நாங்கள் ஏன் எங்கள் மண்ணால் ஈடு கட்ட வேண்டும் என்ற பாலஸ்தீனரின் கேள்வியைக் கேளாதவர்களுக்கு மறுபாதி விளங்காது.

களைத்துப்போன பிரிட்டன் 1947இல் சிக்கலை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. ஐ.நா. அமைத்த பதினொரு நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. இந்தியப் பிரதிநிதி நீதிபதி அப்துர் ரஹ்மான். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் பிரிவினைக்குப் பதிலாக ஒரே கூட்டாட்சி நாடு என்ற சிறுபான்மைத் திட்டத்தை முன்வைத்தன. இரு தரப்புமே அதை விரும்பவில்லை. நவம்பர் 29 அன்று 33க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலப்பரப்பில் சுமார் 55 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம். யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. அந்த மறுப்பு தந்திரமற்றது என்று இன்று சொல்வது எளிது. பெரும்பான்மையாக வாழும் நாட்டில் பாதிக்கு மேல் பிறருக்கு விட்டுக்கொடுக்க அன்று எந்த மக்களும் ஒப்பியிருப்பார்களா என்பது எனக்கு ஐயம்தான்.

மறுநாளே சண்டை மூண்டது. 1948 ஏப்ரல் 9 அன்று தைர் யாசீன் சிற்றூரில் யூத ஆயுதக் குழுக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. நான்கு நாள் கழித்து ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசையை அரபுக்கள் தாக்கியதில் மருத்துவர்களும் செவிலியரும் உட்பட 78 பேர் இறந்தார்கள். மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது, மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. 1949இல் போர் ஓய்ந்தபோது பொறுப்பாட்சிப் பாலஸ்தீனத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இஸ்ரேலின் கையில் இருந்தது. மேற்குக் கரை ஜோர்தானிடமும் காசா எகிப்திடமும் போயின. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள், துரத்தப்பட்டோ அச்சத்தால் ஓடியோ, வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. இதைத்தான் அவர்கள் நக்பா, அதாவது பேரழிவு, என்கிறார்கள். அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானம் சொன்னது. இஸ்ரேல் இசையவில்லை, 1950இல் இல்லாதோர் சொத்துச் சட்டத்தின் வழியே அவர்களின் வீடும் நிலமும் அரசின் பொறுப்புக்குச் சென்றன. அதே ஆண்டுகளில் ஈராக், ஏமன், மொராக்கோ, எகிப்து முதலிய நாடுகளிலிருந்து பல இலட்சம் யூதர்கள், பெரும்பாலோர் சொத்துகளை இழந்து, இஸ்ரேலுக்கு வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிட்டது என்று இஸ்ரேலியர் சிலர் வாதிடுவதுண்டு. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் பாக்தாத் யூதரை விரட்டியவர் யாஃபாவின் அரபு அல்லர் என்பதால் அந்தக் கணக்கு நேராவதில்லை.

1949இல் வரையப்பட்டவை போர்நிறுத்தக் கோடுகளே. எல்லைகள் என்று எவரும் ஒப்பவில்லை. எல்லையும் அகதிகளும் மீண்டும் பின்னுக்குப் போயின. 1967 ஜூன் மாத ஆறு நாள் போரில் இஸ்ரேல் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, சினாய், கோலான் குன்றுகள் அனைத்தையும் கைப்பற்றிய பிறகு, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து அமைதியைப் பெறும் வழியை முன்வைத்தது. எல்லா நிலங்களுமா, சிலவா என்பதை அது வேண்டுமென்றே தெளிவாக்கவில்லை. பாலஸ்தீனர் அதில் ஒரு மக்களாகவே இடம்பெறவில்லை. அகதிப் பிரச்சினையாக மட்டும் ஒரு வரியில் வந்தார்கள். எகிப்து பின்னர் 1979இல் சமாதானம் செய்துகொண்டு, 1982க்குள் தன் சினாயைத் திரும்பப் பெற்றது. பாலஸ்தீனரின் பங்கு அப்படியே நின்றது.

கைப்பற்றிய நிலத்தில் குடிமக்களைக் குடியேற்றுவது நான்காவது ஜெனீவா உடன்படிக்கைக்கு முரணானது என்று இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் 1967 செப்டம்பரிலேயே எழுத்தில் கருத்துரைத்தார். அந்த மாதமே கிஃபார் எட்சியோனில் முதல் குடியேறிகள் இறங்கினார்கள். தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. 1977இல் மெனாகெம் பெகின் ஆட்சிக்கு வந்ததிலிருந்து அது சமயப் பற்றும் தேசியமும் கலந்த ஒரு திட்டமாக வளர்ந்தது. இன்று கிழக்கு ஜெருசலேமை விட்டுவிட்டாலும் மேற்குக் கரையில் ஏறத்தாழ 5 இலட்சம் குடியேறிகள் வாழ்கிறார்கள். ஒரே மலைச்சரிவில் வாழும் இருவருள் குடியேறிக்கு இஸ்ரேலியச் சிவில் சட்டமும் பாலஸ்தீனருக்கு இராணுவ நீதிமன்றமும் என்ற ஏற்பாடு அங்கே அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

1987இல் காசாவில் வெடித்த இன்திஃபாதா, அதாவது மக்கள் எழுச்சி, இந்த நிலை நீடிக்காது என்பதை இரு தரப்புக்கும் உணர்த்தியது. அதன் விளைவே 1993இன் ஒஸ்லோ உடன்பாடு. அமைதி முயற்சிகளில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேல் என்ற நாட்டின் இருப்புரிமையை ஏற்றது. பதிலுக்கு இஸ்ரேல் அந்த இயக்கத்தைப் பாலஸ்தீனரின் பிரதிநிதியாக ஏற்றது, அவ்வளவுதான். பாலஸ்தீன அரசு என்ற சொல்லே உடன்பாட்டில் இல்லை. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் எல்லாமே ஐந்தாண்டுக் கால இடைக்கால ஏற்பாட்டுக்குப் பின் பேசப்படும் என்று எழுதப்பட்டது. வாஷிங்டனில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்த காசாவின் மூத்த தலைவர் ஹைதர் அப்தெல் ஷாஃபி, குடியேற்றம் நிற்காவிட்டால் உடன்பாட்டுக்குப் பொருளில்லை என்று பிடிவாதமாக நின்றார். அவருக்குத் தெரியாமலே இரகசிய வழியில் ஒஸ்லோ முடிந்தது. வீட்டைப் பங்கிடுவது பற்றிப் பேச்சு நடக்கும்போதே ஒருவர் அதில் புதிய அறைகளைக் கட்டிக்கொண்டிருந்தால் பேச்சு என்னவாகும்? 1993இல் மேற்குக் கரையில் 1.1 இலட்சமாக இருந்த குடியேறிகள் 2000க்குள் 2 இலட்சத்தை நெருங்கினார்கள். 1995 ஏற்பாட்டின்படி மேற்குக் கரையின் சுமார் 60 விழுக்காடு, அதாவது சி பகுதி, முழுமையாக இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் தொடர்ந்தது. ஒஸ்லோவின் வழியே உருவான தன்னாட்சி நிர்வாகமான பாலஸ்தீன ஆணையத்துக்குக் கிடைத்தவை சிறு சிறு தீவுகள்.

கால அவகாசம் வன்முறைக்கும் வாய்ப்பளித்தது. 1994 பிப்ரவரியில் பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி ஹெப்ரானில் தொழுகையிலிருந்த 29 பேரைச் சுட்டுக்கொன்றார். ஏப்ரலில் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் பேருந்துகளில் தற்கொலைத் தாக்குதல்களை நடத்தியது. 1995 நவம்பர் 4 அன்று பிரதமர் ராபினைச் சுட்டவர் யிகால் ஆமிர் என்னும் யூத இளைஞர். 1996 தொடக்கத்தில் மீண்டும் பேருந்துகள் வெடித்தன. அதன் பின் நடந்த தேர்தலில் நெதன்யாகு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் வென்றார். இரு தரப்பிலும் சமரசத்தை வெறுத்தவர்கள் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே ஒருவருக்கொருவர் உதவினார்கள்.

2000 ஜூலையில் கேம்ப் டேவிட் அமைதி மாநாடு முறிந்ததற்குப் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் ஒருவரே காரணம் என்ற கதை மேற்குலகில் நிலைத்துவிட்டது. அது வசதியான கதை. இஸ்ரேலியப் பிரதமர் எஹுத் பராக் முந்தைய எவரையும்விட அதிகமாக விட்டுக்கொடுக்க முன்வந்தார் என்பது உண்மை. முன்மொழியப்பட்ட நிலம் தொடர்ச்சியான ஒரு நாடாக அமையுமா, ஜெருசலேமின் அல் அக்ஸா மசூதி வளாகத்தின் இறையாண்மை யாருக்கு என்பவற்றில் இடைவெளி பெரிதாக இருந்தது என்பதும் உண்மை. அராஃபத் தரப்பு மாற்றுத் திட்டம் ஒன்றைக்கூட மேசையில் வைக்கவில்லை என்பதும் உண்மை. அதைத் தொடர்ந்த இரண்டாம் இன்திஃபாதாவில் சுமார் 3,000 பாலஸ்தீனர்களும் 1,000 இஸ்ரேலியரும் இறந்தார்கள். உணவகங்களிலும் பேருந்துகளிலும் வெடித்த குண்டுகள் இஸ்ரேலின் சமாதான அரசியலையும் சேர்த்தே அழித்தன. 1992இல் 44 இடங்களோடு ஆட்சியமைத்த தொழிற்கட்சி 2022 தேர்தலில் பெற்றவை 4 இடங்கள்.

பாலஸ்தீனத் தரப்பின் சிதைவும் இதற்குக் குறைந்ததல்ல. 2005இல் இஸ்ரேல் காசாவிலிருந்து குடியேறிகளையும் படைகளையும் எவரோடும் உடன்பாடின்றி வெளியேற்றியது. 2006 தேர்தலில் 132 இடங்களில் 74 ஹமாஸுக்குப் போயின. 2007இல் அராஃபத்தின் கட்சியான ஃபத்தாவோடு நடந்த உள்மோதலுக்குப் பின் காசா ஹமாஸின் கையிலும், மேற்குக் கரையின் நகரங்கள் பாலஸ்தீன ஆணையத் தலைவர் அப்பாஸின் கையிலும் நின்றுவிட்டன. காசா முற்றுகைக்குள் போனது. 2005இல் நான்காண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பாஸ் அதன் பின் தேர்தலைச் சந்திக்கவேயில்லை. ஹமாஸ் 2017இல் 1967 எல்லைகளில் ஒரு நாட்டை ஏற்பதாகச் சொன்னது, இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. இந்தப் பிளவு நெதன்யாகு அரசுக்கு உறுத்தலாக இருக்கவில்லை. காசாவுக்குக் கத்தார் பணம் செல்ல அது அனுமதித்ததை இஸ்ரேலிலேயே பலர் கண்டித்தார்கள். சிக்கலைத் தீர்க்காமல் நிர்வகித்துக்கொண்டே போகலாம் என்ற அந்த நம்பிக்கை 2023 அக்டோபர் 7 அன்று நொறுங்கியது. ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடுத்த ஈராண்டுப் போரில் காசாவின் சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 67,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காசாவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள், பலர் பலமுறை.

இன்றைய தடைகளுள் தீர்க்கவே முடியாதது எது என்று கேட்டால், பலரும் ஜெருசலேம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2000 இறுதியில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் வைத்த வரையறைகளும் 2008இல் இஸ்ரேலியப் பிரதமர் ஓல்மர்ட் அப்பாஸிடம் காட்டிய வரைபடமும் நகரத்தைப் பகிர்ந்துகொள்ள வழியுண்டு என்பதைக் காட்டின. 2002இல் அரபு நாடுகள் அனைத்தும் சேர்ந்து, 1967 எல்லைக்கு இஸ்ரேல் திரும்பினால் முழு உறவு என்று முன்வந்தன. அகதிகள் விவகாரம் அதைவிடக் கடினம். ஐ.நா. நிவாரண முகமையில் பதிவானோர் இன்று 59 இலட்சம். அனைவரும் திரும்பினால் யூதப் பெரும்பான்மை போய்விடும் என்று இஸ்ரேல் அஞ்சுகிறது, திரும்பும் உரிமையைத் துறப்பது 1948ஐயே மறுப்பதாகும் என்று பாலஸ்தீனர் கருதுகிறார்கள். பேச்சுவார்த்தைகள் 1967ஐப் பற்றியே நடந்தன. அகதிகளின் காயமோ 1948இல் பட்டது. குடியேற்றங்களோ நாளுக்கு நாள் வளர்பவை, அவற்றை அகற்றும் துணிவு எந்த இஸ்ரேலியக் கூட்டணிக்கும் இப்போது இல்லை. 2024 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் பாலஸ்தீன அரசு அமைவதை எதிர்த்து 68க்கு 9 என்று தீர்மானம் நிறைவேற்றியது.

2025 அக்டோபரில் அமெரிக்க முயற்சியால் காசாவில் போர்நிறுத்தம் வந்து, உயிரோடிருந்த பிணையாளிகள் விடுதலையானார்கள். நவம்பரில் அதை ஏற்ற பாதுகாப்பு அவைத் தீர்மானம், காசாவின் மறுசீரமைப்பும் பாலஸ்தீன ஆணையத்தின் சீர்திருத்தமும் முன்னேறினால் பாலஸ்தீன அரசுக்கான பாதை உருவாகலாம் என்கிறது; அதற்குக் கால வரையறை எதுவும் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்னதாக, ஆகஸ்டில், ஜெருசலேமுக்குக் கிழக்கே ஈ-1 என்னும் நிலப்பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் அனுமதி அளித்திருந்தது. மாலே அதுமிம் குடியேற்றத்தை ஜெருசலேமோடு இணைக்கும் அந்தக் கட்டுமானம் முடிந்தால் ராமல்லாவுக்கும் பெத்லகேமுக்கும் இடையிலான நிலத்தொடர்ச்சி அறுந்து, மேற்குக் கரை வடக்கு, தெற்கு என இரண்டாகும்.